பெரிய விளையாட்டுப் போட்டி வந்தால் ஊருக்கு என்ன மிஞ்சுகிறது?

அடையாற்றுக்காரன் (ஞாயிறு, காலை 7:10)

அகமதாபாத்துக்கு 2030 காமன்வெல்த் போட்டி உறுதியாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்கையும் அங்கே கொண்டுவர முயற்சி நடக்கிறது. நேற்று எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தபோது என் மைத்துனர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பெரிய போட்டி ஒன்று வந்தால்தான் ஊர் உருப்படும். சென்னைக்கும் வரட்டும்." எனக்கு அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை, மறுக்கவும் வரவில்லை. இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒப்புக்கொள்ளத் தோன்றியதற்குக் காரணம் 1995. தெற்காசிய விளையாட்டுப் போட்டி அந்த டிசம்பரில் மெட்ராஸில் நடந்தது. நான் ஏழாம் வகுப்பு. அப்பா பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெளியே இருட்டிவிட்டது. படிக்கட்டு ஏறி உள்ளே நுழைந்ததும் விளக்கு வெளிச்சத்தில் செங்கல் நிற ஓடுதளம் கண்ணில் பட்டது. நம் ஊரில் இப்படி ஓர் இடமா என்று அப்படியே நின்றுவிட்டேன். வேளச்சேரி நீச்சல் வளாகமும் நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கமும் அந்தப் போட்டிக்காக எழுந்தவைதான். டென்னிஸ் அரங்கம் இருந்ததால் 1997-இல் தில்லியிலிருந்து ஏ.டி.பி. என்ற சர்வதேச ஆண்கள் டென்னிஸ் போட்டி இங்கே வந்தது. 2017 வரை ஆண்டு பிறந்ததும் டென்னிஸ் என்பது சென்னைக்கு வழக்கமாகவே ஆகியிருந்தது. பிறகு அது புனேவுக்குப் போய்விட்டது.

அப்படியானால் மைத்துனர் சொல்வது சரிதானே? ஆனால் ஏதென்ஸ், ரியோ என்று செய்திகளில் பார்த்த பாழடைந்த அரங்கங்களும் கண்முன் வருகின்றன. நேரில் பார்த்தவர்களும் கணக்குத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை (ஞாயிறு, காலை 9:25)

மாண்ட்ரியாலில் இருந்து தொடங்கலாம். 1976 ஒலிம்பிக்குக்கு முன்னால் அந்த ஊர் மேயர் ழான் திராப்போ, ஆண்பிள்ளை கருத்தரித்தால்தான் ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும் என்ற பொருளில் பேசினார். நஷ்டம் 100 கோடி டாலரைத் தாண்டியது. அரங்கத்தின் சாய்ந்த கோபுரம் போட்டி நடந்தபோது பாதியில் நின்றது. அதை முடித்தது 1987-இல். கடனை அடைத்து முடித்தது 2006-இல். அந்த ஊரில் சிகரெட் வாங்கிய ஒவ்வொருவரும் முப்பது ஆண்டுகள் அந்தக் கடனுக்கு வரி கட்டினார்கள். ஓட்டப்பந்தயம் பார்த்தே இராத ஆளும் கட்டினான்.

இது ஓர் ஊரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1960 முதல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முதலில் சொன்ன மதிப்பீட்டைவிடச் செலவு சராசரியாக 156 சதவீதம் கூடியிருக்கிறது. மாண்ட்ரியாலில் மட்டும் 720 சதவீதம்.

ஏன் இப்படி ஆகிறது? முகூர்த்த நாளைக் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரெல்லாம் கொடுத்துவிட்டுப் பந்தல்காரரிடம் பேரம் பேசப் போனால் என்ன நடக்கும்? அதேதான். பாலம் ஆறு மாதம் தள்ளிப்போனால் ஊர் பொறுத்துக்கொள்ளும். தொடக்க விழாவை ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. ஒப்பந்தக்காரருக்கு அது தெரியும். கடைசி ஆறு மாதங்களில் கேட்ட விலை கொடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

வருமானப் பக்கத்துக்கு வருவோம். போட்டி பார்க்க வருபவர்கள் ஹோட்டல்களை நிரப்புவார்கள் என்பார்கள். நிரப்பத்தான் செய்கிறார்கள். ஆனால் கூட்டத்துக்கும் விலைக்கும் பயந்து, வழக்கமாக வருபவர்கள் வராமல் போகிறார்கள். 2012 ஆகஸ்டில் லண்டனில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் ஆகஸ்டைவிடக் குறைவு. உள்ளூர்க்காரர் டிக்கெட்டுக்குச் செலவழித்த பணம் வேறெங்கோ செலவழிந்திருக்க வேண்டியது. ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாறுகிறதே தவிர ஊருக்குப் புதிதாக வரவில்லை. ஒளிபரப்பு உரிமை, உலக அளவிலான விளம்பரதாரர்கள் என்று பெரிய பணம் வரும் வழிகளில் பெரும்பங்கு போட்டியின் உரிமையாளர்களுக்குப் போகிறது. கட்டடமும் கடனும் ஊருக்கு.


தலைநகரவாசி (ஞாயிறு, பகல் 1:40)

2003 முதல் தில்லியில் இருக்கிறேன். 2010-இல் காமன்வெல்த் போட்டி இங்கே நடந்தபோது ஜங்புராவை ஒட்டிய போகலில் குடியிருந்தேன். தொடக்க விழா நடந்த தில்லி நேரு விளையாட்டரங்கம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்தான். எனக்குக் கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நன்றி கெட்டவன் ஆவேன்.

அக்டோபர் 3, போட்டி தொடங்கிய அதே நாளில், எங்கள் பகுதி வழியாக மெட்ரோ ஓட ஆரம்பித்தது. ஜங்புராவில் ஏறி மத்தியச் செயலகத்தில் இறங்கினேன். அதுவரை அந்தத் தூரத்தை பஸ்ஸில் வியர்த்து விறுவிறுத்துக் கடந்தவன், குளிர்ந்த பெட்டியில் உட்கார்ந்து போனபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் அந்த ஜூலையில் திறந்தது. பாராபுல்லா வாய்க்காலின் மேல் நீண்ட மேம்பாலம் வந்தது. விளையாட்டுக் கிராமத்திலிருந்து அரங்கத்துக்கு வீரர்களின் பஸ்கள் எந்த சிக்னலிலும் நிற்காமல் போவதற்காகக் கட்டியது. இன்றைக்கும் லட்சக்கணக்கானோர் அதில் போகிறார்கள்.

இனி மற்றது. எங்கள் தெருமுனையில் ஓர் அம்மா காலை ஆறு மணிக்கு இட்லிக் கடை போடுவார். அலுமினிய இட்லிப் பானை, மூடி போட்ட ஒரு வாளி சாம்பார், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவ்வளவுதான் கடை. ஆங்கிலம் தெரியாது, இந்தியில் எண்கள் மட்டும் தெரியும். எங்களைப் போன்ற தனிக்கட்டைகளுக்கு அதுதான் தாய்வீடு. செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தவர்கள் "போட்டி முடியும் வரை இங்கே எதுவும் கூடாது" என்று சொல்லிப் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நடைபாதையைத் தோண்டிப் புதுக் கல் பதித்தார்கள். தீபாவளிக்குப் பிறகுதான் அவர் மறுபடி வந்தார், புதுப் பானையோடு. இரண்டு மாதம் வருமானம் இல்லை. பானை வாங்கியதும் தண்டலுக்குத்தான். எனக்கு மெட்ரோ கிடைத்த அதே வாரங்களில் அவருக்குக் கிடைத்தது கடன்.

இது ஒருவர் கதை. ஊர் முழுக்க இதுதான் நடந்தது. சேரிகள் விருந்தாளிகளின் கண்ணில் படாதிருக்க மூங்கில் தட்டிகள் கட்டினார்கள். பட்டியல் சாதியினருக்கான சிறப்புத் திட்ட நிதியிலிருந்து பல நூறு கோடி ரூபாய் போட்டிச் செலவுக்குத் திருப்பிவிடப்பட்டது நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. போட்டிக்குப் பன்னிரண்டு நாட்கள் இருக்கும்போது அரங்கத்துக்கு அருகில் நடைமேம்பாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் காயம்பட்டார்கள். மத்தியத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை மொத்தச் செலவை 18,532 கோடி ரூபாய் என்றது.


கணக்குப்பிள்ளை (ஞாயிறு, பகல் 2:15)

தலைநகரவாசி அண்ணா, இட்லிக் கடை அம்மாவைப் பற்றிப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். மெட்ரோவை ஏன் போட்டியின் வரவில் எழுதுகிறீர்கள்? தில்லி மெட்ரோ 2002-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. சென்னைக்கு எந்தப் பெரிய போட்டியும் வராமலே 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு ரயில் ஓடியது. வேண்டும் என்று நினைத்த ஊர் போட்டி இல்லாமலும் கட்டிக்கொள்கிறது.


தலைநகரவாசி (ஞாயிறு, பகல் 2:50)

கட்டிக்கொள்ளும், எப்போது என்பதுதான் கேள்வி. போட்டி இல்லையென்றால் ஜங்புரா நிலையம் 2010 அக்டோபரில் திறந்திருக்காது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்திருப்பார்கள். நீங்கள் முகூர்த்த நாள் என்று குறை சொன்னீர்களே, அதே முகூர்த்த நாள்தான் பத்துத் துறைகளை ஒரே மேசையில் உட்காரவும் வைத்தது. நம் நாட்டில் வேறு எதற்காக அப்படி உட்காருகிறார்கள்? என் கோபம் வேறு. அந்த அவசரம் எல்லாருக்காகவும் காட்டப்படவில்லை.


கறுப்புக்குதிரை (ஞாயிறு, மாலை 5:30)

எல்லாரும் பெரிய அரங்கம், பெரிய கடன் என்றே பேசுகிறீர்கள். மாமல்லபுரத்தை ஏன் யாரும் சொல்லவில்லை?

2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போரால் அங்கிருந்து எடுக்கப்பட்டது. நம் மாநிலம் கேட்டு வாங்கி நான்கே மாதங்களில் நடத்திக் காட்டியது. மாநில அரசு 92 கோடி ரூபாய் ஒதுக்கியது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. இதற்கென்று பெரிய விளையாட்டரங்கம் எதுவும் கட்டவில்லை. இருந்த ஹோட்டல் வளாகத்தில் மேசைகளைப் போட்டார்கள், போட்டி முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். பூட்டிக் கிடக்க அங்கே எதுவும் இல்லை.

நாங்கள் செங்கல்பட்டுக்காரர்கள். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவள் படித்த பள்ளியில் அந்த ஜூலையில் தரையில் சுண்ணாம்புக் கட்டம் போட்டுப் பிள்ளைகளையே காய்களாக நிறுத்தி ஆடவைத்தார்கள். இவள் கறுப்புக் குதிரை. அந்தப் பெயரைத்தான் நான் இங்கே வைத்திருக்கிறேன். பிறகு அவளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப் போனேன். பாலஸ்தீன அணியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். என் மகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அரை மணி நேரம் அவளையே பார்த்தாள். பஸ்ஸில் திரும்பும்போது கேட்டாள்: "அம்மா, அவள் என்னைவிடச் சின்னவள்தானே?" வேறொன்றும் பேசவில்லை. அடுத்த வாரமே வகுப்பில் சேர்த்துவிடச் சொன்னாள். இன்று வரை ஆடுகிறாள். பெரிய பட்டம் எதுவும் வாங்கவில்லை, ஆனால் ஆடுகிறாள்.

2013-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்குச் சென்னையில் ஆடினார்கள். அரசு 29 கோடி ரூபாய் கொடுத்தது. இது தேவையா என்று அப்போதும் கேட்டார்கள். அவர்கள் ஆடிய கண்ணாடி அறைக்கு வெளியே பார்வையாளர் வரிசையில் ஏழு வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒருநாள் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே நாம் உட்கார வேண்டும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவனே சொன்னான். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷ்தான் அந்தப் பையன். கணக்குப்பிள்ளை ஐயா, இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?


கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 8:05)

அம்மா, மனம் நிறைய வரவில் எழுதுகிறேன். மாமல்லபுரத்தை நான் எதிர்க்கவில்லை. என் வாதத்துக்கே அது சாட்சி. பெரிய அரங்கம் கட்டவில்லை, ஆகவே கடனும் இல்லை.

இன்னொன்றும் பாருங்கள். மானுவேல் ஆரன் 1961-இல் சர்வதேச மாஸ்டர் ஆனார், நாட்டிலேயே முதல் ஆள். 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் அங்கேதான் ஆடினார். நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராக 1988-இல் ஆனார். ஐம்பது ஆண்டுகள் சின்னச் சின்ன அறைகளில், மின்விசிறிக்கு அடியில் வளர்ந்த ஆட்டம் இது. ஒலிம்பியாட் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. அடித்தளம் இல்லாத ஊரில் அதே 92 கோடியைக் கொட்டியிருந்தால் ஒலிம்பியாடுக்காகச் சென்னை நேப்பியர் பாலத்துக்கு அடித்தார்களே, அதுபோன்ற கறுப்பு வெள்ளைப் பெயிண்டுதான் மிஞ்சியிருக்கும்.

1984 லாஸ் ஏஞ்சலஸையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மாண்ட்ரியாலைப் பார்த்துப் பயந்து வேறு எந்த ஊரும் முன்வரவில்லை. அதனால் அந்த ஊர் சொன்னதுதான் சட்டமாயிற்று. நகராட்சிப் பணத்தைத் தொடக் கூடாது என்று மக்கள் 1978-லேயே வாக்களித்திருந்தார்கள். 1932 ஒலிம்பிக் நடந்த பழைய கொலிசியத்தையே தட்டிக்கொட்டிப் பயன்படுத்தினார்கள், வீரர்களைப் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கவைத்தார்கள். 20 கோடி டாலருக்கு மேல் மிஞ்சியது. தனியாக நின்று பேரம் பேசியதால் வந்த லாபம் அது. ஐந்து ஊர்கள் போட்டி போட்டு ஒன்றைவிட ஒன்று கூடக் கொடுக்கிறேன் என்று ஏலம் எடுத்தால் அந்த லாபம் யாருக்கும் வராது.


போப்ளெனோ (திங்கள், காலை 6:20)

பார்சிலோனாவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒலிம்பிக்கால் உருப்பட்ட ஊர் என்று யார் பேசினாலும் முதலில் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். பாதி உண்மை.

1992-க்கு முன் இந்த நகரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது என்று இங்குள்ள முதியவர்கள் சொல்கிறார்கள். கரையோரம் தண்டவாளமும் பழைய தொழிற்சாலைகளுமாக இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு மணல் கொட்டிக் கடற்கரை அமைத்தார்கள். வீரர்கள் தங்கிய குடியிருப்பு இன்று சாதாரணக் குடும்பங்கள் வாழும் பேட்டை. நான் மாலையில் நடக்கும் கரை அது. எனக்குப் பிடித்த இடம் அதுதான். இங்கே செலவில் பெரும்பகுதி சாலைக்கும் சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போனது, அரங்கங்களுக்குப் போனது சிறு பங்கு. அந்த நகரத் திட்டம் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த பிறகு வந்த நகராட்சியின் கையில் தயாராக இருந்தது. ஒலிம்பிக் அதற்குப் பணத்தையும் தேதியையும் கொடுத்தது. தலைநகரவாசி சொன்னது இங்கே முழுக்கப் பொருந்தும்.

மறுபாதி இது. உலகம் முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. பார்த்தவர்கள் வரத் தொடங்கினார்கள், இன்னும் நிற்கவில்லை. நான் குடியிருக்கும் கட்டடத்தில் நான்கு வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போகின்றன. எதிர்வீட்டுப் பாட்டி நாற்பது ஆண்டுகள் இருந்த வீட்டை வாடகை கட்ட முடியாமல் காலி செய்தார். பெட்டிகளை இறக்க நானும் உதவினேன். ரொட்டிக்கடை இருந்த இடத்தில் இப்போது பெட்டி வைக்கும் அறை. 2024 ஜூலையில் ஊர்க்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியோடு பயணிகளுக்கு எதிராக ஊர்வலம் போனதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2028-க்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலா வீடுகளின் உரிமத்தை முடித்துவிடப்போவதாக நகராட்சி அறிவித்திருக்கிறது.

ஒலிம்பிக் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். மலிவு விமானமும் கைப்பேசிச் செயலிகளும் உண்டு. ஆனால் "உலக வரைபடத்தில் ஊர் இடம்பெறும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாட்டியின் பெட்டிகள்தான் நினைவுக்கு வருகின்றன.


பனங்கூடல் (திங்கள், காலை 8:45)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டின் தெற்கே சூரியவெவவில் 2011 உலகக் கிண்ணத்துக்காகக் காட்டை வெட்டி 35,000 பேர் இருக்கக்கூடிய கிரிக்கெட் அரங்கு கட்டினார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் அங்கே நடந்தவை இரண்டு ஆட்டங்கள். பக்கத்தில் அம்பாந்தோட்டைக்கு 2018 காமன்வெல்த் போட்டியையும் கேட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டிடம் தோற்றுப்போனோம். அந்தத் தோல்விக்கு அன்று வருந்தினேன். இன்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறேன். அரங்கை அதன்பின் கல்யாண வரவேற்புக்கெல்லாம் வாடகைக்கு விட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக ஒன்று சொல்லட்டுமா? ஒவ்வொரு மார்ச் மாதமும் இங்கே சென்ட் ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் மூன்று நாட்கள் கிரிக்கெட் ஆடுகின்றன. வடக்கின் பெருஞ்சமர் என்று பெயர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. கனடா, இலண்டன் என்று போன பழைய மாணவர்கள் விடுப்பெடுத்துக்கொண்டு வருகிறார்கள். விடுதிகள் நிரம்புகின்றன, ஐஸ்கிறீம் வண்டியிலிருந்து தையற்கடை வரை வியாபாரம் நடக்கிறது. அதற்காக ஒரு செங்கல்லையும் புதிதாக வைக்கவில்லை. பள்ளி மைதானம்தான். அடுத்த ஆண்டும் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் எல்லோரும் அதற்கேற்பத் தயாராகிறார்கள். ஒரே ஒரு முறை வரும் திருவிழாவை நம்பிக் கடை போட முடியாது.


மெரினாக் காற்று (திங்கள், காலை 10:00)

சேப்பாக்கத்தை மறந்துவிட்டீர்கள். 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்துக் கட்டிய கேலரிகளில் ஐ, ஜே, கே மூன்றும், சுமார் 12,000 இருக்கைகள், அனுமதிச் சிக்கலால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சியில் பார்க்கும்போது நிறைந்த அரங்கத்துக்கு நடுவே மூன்று கேலரிகள் மட்டும் பல் விழுந்த வாய்போலத் தெரியும். அதனாலேயே 2019 ஐ.பி.எல். இறுதிப் போட்டி ஹைதராபாத்துக்குப் போனது. போட்டிக்கு முன் அவசரமாகக் கட்டிவிட்டுப் பின்னால் விதிகளைப் பார்த்தால் இதுதான் நடக்கும்.


நானூறு மீட்டர் (திங்கள், பகல் 12:30)

ஐயா, அம்மா, பெரியவர்களே, நான் கல்லூரி மாணவன். மாவட்ட அளவில் ஓடியிருக்கிறேன். நீங்கள் எழுதியவை எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எல்லாவற்றையும் ரூபாயாகவே பார்க்க வேண்டுமா?

2010 தில்லியில் பெண்கள் வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா தங்கம், ஹர்வந்த் கௌர் வெள்ளி, சீமா அந்தில் வெண்கலம். மூன்று பதக்கமும் நமக்கே. காமன்வெல்த் தடகளத்தில் 1958-இல் மில்கா சிங் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு 52 ஆண்டுகள் கழித்து வந்த தங்கம் அது. நான் சின்னப் பையன். எங்கள் ஊர் டீக்கடை தொலைக்காட்சியில் அதைப் பார்த்த கூட்டத்தில் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால் அது நடந்தது. நான் ஓடத் தொடங்கியதற்கு அந்த ஆசிரியர்தான் காரணம். அந்தக் கண்ணீருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?


தலைநகரவாசி (திங்கள், பகல் 1:20)

தம்பி, அந்த மாலை நான் அரங்கத்துக்கு வெளியே நின்றிருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை. உள்ளிருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் சொல்வதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஊர் கொண்டாடட்டும், கடன் பட்டும் கொண்டாடட்டும். கல்யாணத்துக்குக் கடன் வாங்காத வீடு ஏது? ஆனால் "இது லாபம்" என்று சொல்லி விற்கக் கூடாது. "இது கொண்டாட்டம், இவ்வளவு செலவு, சம்மதமா?" என்று கேட்க வேண்டும். ஹாம்பர்க்கில் 2015-இலும் கால்கரியில் 2018-இலும் ஒலிம்பிக் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்து அப்படிக் கேட்டார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றுக்கொண்ட பிறகு, செலவு பல மடங்கு ஏறியதைப் பார்த்து 2023-இல் கைவிட்டு, அதற்கு 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடும் கட்டியது. கிளாஸ்கோ அதைப் பத்து விளையாட்டுகளாகச் சுருக்கி, இருக்கிற அரங்கங்களிலேயே நடத்த ஏற்றுக்கொண்டது. கேட்கிற ஊரும் சுருக்குகிற ஊரும் இருக்கத்தான் செய்கின்றன.


நீர்மட்டம் (திங்கள், இரவு 9:15)

நான் நீச்சல் பயிற்சியாளர். தென்மாவட்டம் ஒன்றில் இருபது ஆண்டுகளாக இதே வேலை. பெரிய ஊர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. ஒரு குளத்தைப் பற்றித் தெரியும்.

மாநில அளவிலான ஒரு போட்டிக்காக எங்கள் ஊரில் எட்டுத் தடக் குளம் கட்டினார்கள். திறப்பு விழா அன்று தண்ணீர் நீலமாகத் தெளிந்து அடிக்கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. என் பிள்ளைகள் இறங்கமாட்டேன் என்றார்கள், அழுக்காகிவிடும் என்று பயந்து. போட்டி நான்கு நாட்கள். பிறகு முதல் கோடையில் வடிகட்டி மோட்டார் நின்றது. அதை இயக்க நிரந்தர ஆள் போடவில்லை, போட்டிக்கு மட்டும் ஒப்பந்தத்தில் ஒருவர் வந்து போயிருந்தார். ஒரு வாரம் மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் பச்சையாகும். இரண்டு வாரத்தில் ஓட்டில் பாசி பிடித்து வழுக்கும். ஒரு மாதத்தில் கொசு. கொசு வந்ததும் சுற்றுப்பட்டு வீடுகளிலிருந்து புகார் வந்தது. தண்ணீரை இறக்கிவிட்டுப் பூட்டிவிட்டார்கள். வெயிலில் காய்ந்து ஓடுகள் பெயர்ந்தன. நான் பழையபடி பிள்ளைகளைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனேன்.

மூன்று ஆண்டுகள் பெற்றோர்கள் மனுமேல் மனு போட்டார்கள். இப்போது திறந்திருக்கிறது. அதிகாலை ஐந்தரைக்கு நானே போய் மணல் வடிகட்டியைக் கழுவிவிடுகிறேன். குளோரின் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கிறேன். அடையாற்றுக்காரரே, 1995 போட்டிக்காக எழுந்த வேளச்சேரிக் குளத்தைப் பற்றி எழுதினீர்களே, அது இன்னும் இருக்கிறது. அது போட்டியால் மட்டும் பிழைக்கவில்லை. அதன்பின் முப்பது ஆண்டுகள் தினமும் காலையில் யாரோ ஒருவர் மோட்டாரைப் போட்டிருக்கிறார்.


அடையாற்றுக்காரன் (திங்கள், இரவு 10:05)

அண்ணா, இதைப் படித்ததும் மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பதில் எழுதவில்லை. சென்னைக்கு இப்படி ஒன்று வரும் என்று நாளை பேச்சு வந்தால், நாங்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும்?


நீர்மட்டம் (திங்கள், இரவு 10:40)

கட்ட எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் மூன்று கேளுங்கள். மோட்டாரை இயக்குகிறவருக்கு எத்தனை ஆண்டுச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? போட்டி முடிந்த மறுநாள் காலை சாவி யார் கையில்? அரசுப் பள்ளிப் பிள்ளை உள்ளே வர என்ன கட்டணம்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் நானே கைதட்டி வரவேற்பேன்.


கறுப்புக்குதிரை (செவ்வாய், காலை 6:50)

தலைநகரவாசி அண்ணா, கேட்கலாமா என்று தயங்கினேன். அந்த இட்லிக் கடை அம்மா இப்போது எங்கே இருக்கிறார்?


தலைநகரவாசி (செவ்வாய், காலை 9:30)

கேட்டதற்கு நன்றி அம்மா. அவர் இருந்தது மதராசி கேம்ப். பாராபுல்லா வாய்க்கால் கரையில் நம் ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த இடம். 2025 ஜூன் 1 அன்று அதை இடித்தார்கள். காரணம் போட்டி அல்ல. வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்ற நீதிமன்ற ஆணை. சுமார் 370 வீடுகள். நகரின் மறுகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று பட்டியலில் வந்தவை 189. 2010-இல் வீரர்களின் பஸ் நிற்காமல் போக அதே வாய்க்காலின்மேல் பாலம் போட முடிந்தது. கீழே இருந்த வாய்க்காலையும் கரையில் இருந்தவர்களையும் பற்றி யோசிக்கப் பதினைந்து ஆண்டுகள் யாருக்கும் நேரமில்லை.

அவர் பெயர் பட்டியலில் இல்லை. நரேலா கிடைத்திருந்தாலும் விடிகாலையில் அங்கிருந்து பானையோடு வர முடியாது. மகனோடு பக்கத்திலேயே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார். கடையை இப்போது ஜங்புரா மெட்ரோ நிலையத்துக்கு எதிரே போடுகிறார். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். இன்று காலை நான் போனபோது எட்டரை மணி, இட்லி தீர்ந்துவிட்டிருந்தது.